சம்மனசுத் தோட்டமும் வேலிப் பொட்டும்

என் வயதை ஒத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் எதைக் கேட்டாலும் முதலில் "அது எந்த ஆண்டு?" என்பீர்கள். நானும் அப்படித்தான். ஆனால் இந்த ஒன்றுக்கு ஆண்டைக் குறிக்க எனக்குத் துணிவில்லை. அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் எது என்ற சந்தேகம் இன்னும் தீரவில்லை. உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டும் சொல்கிறேன். நான் நாலாம் வகுப்பில் இருந்தேன். தம்பி தவழத் தொடங்கியிருந்தான், எழுந்து நிற்கவில்லை. மாரி பிந்தி வந்தது, வந்தபின் விடவில்லை. இயேசு பிறந்த நத்தார்ப் பெருநாளுக்குப் பத்து நாள் முன்பு பள்ளிக்கூடம் விட்டார்கள்.

யாழ்ப்பாணத்துக்கு அப்பால் தீவில், கரம்பொனில், எங்கள் வீட்டு வளவில் இருந்தது நன்னீர்க் கிணறு. அடுத்த வளவில் இருந்தது சவர்க் கிணறு. குளிக்கலாம், துவைக்கலாம், வாயில் வைக்க ஏலாது. இரண்டுக்கும் நடுவே ஒரு கிளுவை வேலி மட்டும்தான். முப்பது அடிக்குள் நிலத்தடித் தண்ணீர் எப்படிக் குணம் மாறுகிறது என்று பிற்காலத்தில் புத்தகங்களில் தேடிப் படித்திருக்கிறேன். அப்போது யாரும் காரணம் கேட்கவில்லை. வேலியில் ஒரு பொட்டு விட்டிருந்தார்கள், அவ்வளவுதான். இளையவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன்: பொட்டு என்பது அயலவர் வந்துபோக வேலியில் விடும் இடைவெளி. ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவு இருக்கும். வாசல் படலை வீதிக்கு, பொட்டு அயலுக்கு.

அடுத்த வளவில் இருந்தவர்கள் வேதக்காரர், கத்தோலிக்கர்; கடல் தொழில் செய்பவர்கள். அந்த வீட்டு அம்மாவை நான் மாமி என்று கூப்பிடுவேன். காலையில் கோயில் மணி கேட்டபின் ஒருமுறை, பின்னேரம் நாங்கள் விளக்கு வைக்குமுன் ஒருமுறை, இரண்டு குடங்களோடு பொட்டால் வருவார். குடிக்கவும் சமைக்கவும் அவர்களுக்கு எங்கள் தண்ணீர்தான். மாமியின் மகள் என் வகுப்பில் படித்தாள், என் தோழி.

தோட்டம் போடும் யோசனை அவளுடையது. அவர்கள் வீட்டில் நத்தாருக்குப் பாலன் இயேசுவின் குடில் கட்டும் வேலை தொடங்கியிருந்தது. கிணற்றுக் கட்டில் குந்திக்கொண்டு அவள் தன் கவலையைச் சொன்னாள். அவர்கள் சம்மனசு என்பது வானதூதரை.

"சம்மனசுகள் வானத்திலையிருந்து நேரை குடிலுக்கு வரவேணும். அவ்வளவு தூரம் ஒரே மூச்சிலை பறந்தா களைக்காதோ? இடையிலை இருந்து தண்ணி குடிச்சுப்போட்டுப் போக ஒரு இடம் வேணுமெல்லோ."

பள்ளிக்கூட நூலக அலுமாரியில் இருந்த ஒரு படப்புத்தகத்தில், பூவுக்குள் நித்திரை கொள்ளும் சின்னப் பெண்களை நான் பார்த்திருந்தேன். "அதுக்குத் தேவதை எண்டு பேர்," என்றேன்.

"செட்டை இருக்கோ?"

"ஓம்."

"அப்ப ரெண்டும் ஒண்டுதான். தேவதைகளும் வந்து இருக்கட்டும். ஆனா குடிலுக்கு வரேக்கை சத்தம் போடக்கூடாது எண்டு சொல்லிவை."

பொட்டுக்குப் பக்கத்தில், எங்கள் பக்கத்துப் பூவரச மரத்தின் வேர்கள் இரண்டு புடைத்து நின்றன. அவற்றின் நடுவில் இடம் பிடித்தோம். மூன்று நாள் வேலை. இரண்டாகப் பிளந்த ஊமல் கொட்டை, அதாவது காய்ந்த பனங்கொட்டை, இரண்டு வீடானது. உள்ளே இருக்கும் பூரான் என்ற இனிப்புப் பருப்பை எடுத்தபின் அடுப்புக்கென்று காயப் போட்டிருந்தவற்றில் நல்ல வளைவானதாகப் பொறுக்கினோம். வீட்டு வாசலிலிருந்து பாதை போட்டோம், கடற்கரையில் பொறுக்கிய சோகியால், சோழி என்பார்களே, அதனால். பதினெட்டுச் சோகி. பத்தொன்பது இருந்தது, ஒன்றை நான் மிதித்து உடைத்துவிட்டேன். நத்தார் கேக்குக்கு மாமி உடைத்த முட்டைகளின் கோதுகளைத் தோழி கொண்டுவந்தாள். அவற்றில் சேறு நிரப்பிக் குரக்கன், அதாவது கேழ்வரகு, தூவினோம். அவர்கள் குடிலுக்காகச் சிரட்டையில் குரக்கன் முளைக்க விடுவார்கள். நாங்கள் நவராத்திரிக் கும்பத்தைச் சுற்றி நவதானியம் முளைக்க விடுவோம். ஆகவே அந்த வேலையை எங்கள் இருவருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பிழிந்த தேசிக்காய், அதாவது எலுமிச்சங்காய்ப் பாதிகள் குளிக்கும் தொட்டிகள். தென்னையில் உதிர்ந்த குரும்பட்டியும் ஈர்க்கும் சேர்த்து, இருக்க இரண்டு கதிரை. குளத்துக்குத்தான் ஒன்றும் அகப்படவில்லை. அப்பா தெற்கில் கடை வைத்திருந்தார்; ஆண்டில் மூன்று முறை வருவார். போன முறை வந்தபோது அவருடைய சவரக் கண்ணாடி உடைந்தது. நல்ல துண்டு ஒன்றைத் தன் தகரப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போயிருந்தார். அதை எடுத்தேன். கேட்காமல் எடுத்தேன் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

கடைசியாகச் சம்மனசு. அதை இளம் பனஞ் சார்வோலையில் தோழி பின்னினாள். பின்னி முடித்துக் கையில் வைத்துப் பார்த்தாள்.

"மொட்டையா கிடக்கடி."

"தொப்பி போடுவம்."

"சம்மனசு தொப்பி போட்டுப் பாத்திருக்கிறியே? தலைமயிர் வேணும்."

அம்மா தலை இழுத்தபின் சீப்பில் வரும் மயிரைச் சுருட்டிக் குசினியின் ஓலைக் கிடுகு இடுக்கில் செருகி வைப்பார். அதில் ஒரு சுருளை எடுத்துவந்தேன். மழைக் குளிருக்குப் போர்வை வேண்டும் என்றாள். தம்பியின் கிழிந்த சட்டையில் ஒரு துண்டு வெட்டினேன். எல்லாவற்றையும் சுற்றி ஈர்க்கால் வேலி நட்டு, மாமியின் தையல் பெட்டியிலிருந்து வந்த சிவப்பு நூலால் கட்டினோம். அந்த வேலியிலும் ஒரு பொட்டு விட்டோம். பொட்டில்லாத வேலியை நாங்கள் இருவரும் கண்டதில்லை.

குரக்கன் முளைத்தது. தம்பிக்குக் காய்ச்சலும் வந்தது.

பெரியாஸ்பத்திரி யாழ்ப்பாணத்தில். கிட்ட இருந்த சின்ன ஆஸ்பத்திரியின் வைத்தியர், அப்போதிக்கரி, கொடுத்த கலவை மருந்தை அம்மா நேரம் தவறாமல் பருக்கினார். மூன்றாம் நாளும் காய்ச்சல் இறங்கவில்லை. பிள்ளை அழுவதையும் நிறுத்திவிட்டது. அதுதான் அம்மாவைப் பயமுறுத்தியது. அன்று காலை தண்ணீர் அள்ளப் போனவர், நாங்கள் மறைக்கப் போட்ட இலைகளை மழை கழுவிவிட்டிருந்த பூவரச வேரடியைப் பார்த்தார். நான் குசினி வாசலில் நின்றேன். அம்மா குனிந்தார். சம்மனசைத் தொடவில்லை. தன் கூந்தலை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பிறகு அந்தச் சட்டைத் துண்டைப் பார்த்தார்.

மதியத்துக்குள், செய்வினைக்குப் பார்வை பார்ப்பவர் ஒருவரை வேறு ஊரிலிருந்து கூட்டிவந்துவிட்டார்கள். மெலிந்த, மரியாதையான மனிதர். குந்தியிருந்து ஒவ்வொன்றாகத் தடியால் தொட்டு வாசித்தார்.

"சோகி எத்தினை? எண்ணிப் பாருங்கோ பிள்ளை."

"பதினெட்டு," என்றார் அம்மா.

"அப்ப பதினெட்டு நாள் தவணை வைச்சிருக்கு. தேசிக்காய் வெட்டியிருக்கு. சிவப்பு நூல் கட்டு. கோதுக்குள்ளை முளைச்சிருக்குது பாத்தீங்களோ? இது வளர வளர அங்கை பிள்ளை தேயும். உங்கடை வீட்டிலை முட்டை பாவிக்கிறியளோ?"

"இல்லை ஐயா. நாங்கள் மச்ச மாமிசம் சேர்க்கிறேல்லை."

"கண்ணாடி வீட்டைப் பாத்துக் கிடக்கு. மயிர் ஆற்றை எண்டு தெரியுமோ?"

"என்ரை."

அவர் தடியைக் கீழே வைத்தார். "நான் ஒருத்தற்றை பேரும் சொல்லமாட்டன். அது பாவம். எதாலை வந்ததோ அந்த வழியை அடைச்சுப்போடுங்கோ."

சொல்லவேண்டிய நேரம் அதுதான். நான் சொல்லவில்லை. அடிக்குப் பயம், கண்ணாடி எடுத்த கள்ளம். ஆனால் அவற்றைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அவர் சொன்ன எல்லாவற்றையும் நான் நம்பினேன். சோகியை எண்ணி வைத்தது என் கை. மயிரையும் சட்டையையும் கொண்டுபோனது என் கை. அப்படியானால் தம்பியைத் தேய வைத்தது நான்தான். வாய்விட்டுச் சொன்னால் அது உறுதியாகிவிடும் என்று நினைத்தேன்.

தோட்டத்தை அள்ளிப் பழைய துணியில் கட்டிக் கடலில் போடக் கொண்டுபோனார்கள். அம்மா பொட்டுக்குக் குறுக்கே கதியால் தடிகள் ஊன்றி, கிடுகு வைத்து, முள்ளும் வைத்துத் தன் கையாலேயே கட்டினார்.

பின்னேரம் மாமி வந்தார். வேலிக்கு அந்தப் பக்கத்துக் குரல் மட்டும் கேட்டது.

"என்ன, பொட்டை அடைச்சுப்போட்டீர்?"

அம்மா முள்ளை இன்னும் இறுக்கிக் கட்டினார்.

"பிள்ளைக்கு இன்னும் குணமில்லையோ? அதையும் ஒருக்காக் கேப்பமெண்டு வந்தனான்."

"செய்யிறதையும் செய்துபோட்டு, கேக்கவும் வாறியளோ?"

"என்னத்தைச் செய்தனாங்கள்?"

"உங்கடை கோதையும் நூலையும் கடலிலை போட்டாச்சு. இனி இந்தப் பக்கம் வரவேண்டாம்."

கிடுகின் அந்தப் பக்கத்தில் வெறுங்குடம் ஒன்று இடுப்பு மாறுகிற சத்தம் கேட்டது.

அடுத்த நல்ல தண்ணீர்க் கிணறு கோயிலுக்கும் அப்பால், அரை மைல். மறுநாள் முதல் மாமி வீதியால் போனார், இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று. பின்னால் தோழி ஒரு செம்போடு போவாள். எங்கள் படலையைக் கடக்கும்போது இருவரும் பார்க்கமாட்டார்கள். வீதி முழுக்கச் சேறு. நான் குசினிக் கதவின் உட்பக்கத்தில் கரியால் ஒரு கோடு போட்டேன். மறுநாள் இன்னொன்று. ஏன் போட்டேன் என்று தெரியவில்லை. நாள் குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு அங்கேதான் தொடங்கியது.

நத்தாருக்கு முதல்நாள் தம்பிக்குக் காய்ச்சல் விட்டது. வியர்த்து, பசித்து, வீரிட்டு அழுதான். அப்போதிக்கரி தன் மருந்து என்றார். அம்மா செய்வினை கழிந்தது என்றார். நத்தாரன்று காலை தோழி வீதிப் படலையால் ஒரு தட்டம் கொண்டுவந்தாள். எங்களுக்கென்று முட்டை சேராத சட்டியில் மாமி வேறாகச் சுடும் பயற்றம் பணியாரம். ஒவ்வொரு நத்தாருக்கும் வருவது. அந்த முறையும் வந்தது. அம்மா மறுக்காமல் வாங்கினார். தோழி படலையைத் தாண்டும்வரை பார்த்திருந்துவிட்டு, தட்டத்தை மாட்டுத் தொட்டியில் கவிழ்த்தார். மாடு ஆறுதலாகத் தின்றது. எனக்கு வாயூறியது என்பது இன்றைக்கும் வெட்கம்.

அம்மாவைக் கடிந்து நான் இதை எழுதவில்லை. கணக்குப் பார்த்தால் அவருக்கு அப்போது முப்பது ஆகவில்லை. புருஷன் தொலைவில். மடியில் கொதிக்கிற குழந்தை. வேலியோரத்தில் தன் மயிரும் பிள்ளையின் சட்டையும். அந்த இடத்தில் நின்றிருந்தால் நீங்களும் நானும் என்ன செய்திருப்போமோ தெரியாது.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு அப்பா வந்தார். கதவில் இருபத்திரண்டு கோடு. பெட்டியை இறக்கிவைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனவர் திரும்பி வந்தார்.

"பொட்டு எங்கை?"

அம்மா எல்லாவற்றையும் சொன்னார். சோகி, தேசிக்காய், நூல், கோது, மயிர். "ஒரு கண்ணாடித் துண்டும் வீட்டைப் பாத்துக் கிடந்தது."

அப்பா தகரப் பெட்டியைத் திறந்தார். மூடினார். என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, வா, முதுகு தேய்ச்சு விடு."

கிணற்றடியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "கண்ணாடியிலை என்ன செய்தனி?"

"குளம்."

"ஆருக்கு?"

"சம்மனசுக்கு. களைச்சு வரும் எண்டு."

அப்பா ஒரு வாளி அள்ளித் தலையில் ஊற்றினார். பிறகு இன்னொன்று. எத்தனை வாளி என்று எண்ணவில்லை. அன்று எண்ணாமல் விட்டது அது ஒன்றுதான். ஈரத்தோடு போய்க் கத்தியை எடுத்துப் பொட்டின் கட்டை அறுத்தார். அம்மா ஓடிவந்தார்.

"இஞ்சேருங்கோ, என்ன செய்யிறியள்? விசரே உங்களுக்கு?"

"இறைக்காத கிணறு பாசி பிடிக்குமப்பா. மூண்டு கிழமையா அரைவாசித் தண்ணிதான் அள்ளியிருக்கு, தெரியேல்லையே?"

"அப்ப செய்வினை?"

"எடுத்தாச்செண்டு நீர்தானே சொன்னனீர். எடுத்த பிறகு என்ன பயம்?"

அப்பா பொட்டால் நுழைந்து அந்தப் பக்கம் போனார். மாமியோடு சவர்க் கிணற்றடியில் நின்று கதைத்தது தெரிந்தது, கேட்கவில்லை. என்னை அவர் அடிக்கவும் இல்லை, அம்மாவிடம் காட்டிக்கொடுக்கவும் இல்லை. புதுக் கண்ணாடியைத் தான் இருந்தவரை உயர்ந்த ஆணியில் மாட்டினார்.

பொங்கலன்று முதல் பொங்கலைப் பொட்டால் நான்தான் கொண்டுபோனேன். மாமி வாங்கி, என் தலையில் கை வைத்து, "தம்பி எப்பிடிப் பிள்ளை?" என்று மட்டும் கேட்டார். பின்னேரம் குடத்தோடு வந்தார். அம்மா கிணற்றுத் துலாக்கொடியைப் பிடித்துக் கொடுத்தார். இருவரும் மழையைப் பற்றிக் கதைத்தார்கள். அம்மா மன்னிப்புக் கேட்டதாக எனக்குத் தெரியாது. கடைசிவரை அது செய்வினை என்றே நம்பியிருந்தார்.

பின்னாளில் நினைவுகளைக் கொப்பியில் எழுதத் தொடங்கியபோது இந்த நிகழ்ச்சிக்குக் கீழே இப்படி எழுதினேன்: 'தோழியும் என்னைப்போல் பயந்து யாருக்கும் சொல்லவில்லை. மாமிக்குக் கடைசிவரை ஒன்றும் தெரியாது.' பிறகு போரில் இடம்பெயர்ந்தோம். அவர்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். திரும்பி வந்தபோது அந்த வீடு இல்லை, குசினிக் கதவும் இல்லை, கிணறு இருந்தது. நான் இப்போது அதே தீவில் வேலணையில் இருக்கிறேன். தோழி தங்கள் பழைய வளவிலேயே சின்ன வீடு கட்டிக்கொண்டாள். பாலர் பாடசாலையில் படிப்பித்து ஓய்ந்தவள்.

போன மார்கழி விடுமுறையில் அயல் பிள்ளைகளைச் சேர்த்துத் தேவதைத் தோட்டம் செய்யப்போவதாகவும், கை உதவி வேண்டுமென்றும் கூப்பிட்டாள். காலை பஸ்ஸில் போனேன். ஒன்பது பிள்ளைகள். முற்றத்தில் யோகட் கோப்பை, போத்தல் மூடி, தேங்காய்ச் சிரட்டை, கிளிஞ்சல். ஊமல் கொட்டையும் இருந்தது. முட்டைக் கோதில் குரக்கன் முன்கூட்டியே முளைத்திருந்தது.

"ரீச்சர், இவன் தேவதை வீட்டுக்குக் கக்கூஸ் கட்டுறான்!"

"கட்டட்டும். அதுகளும் போகத்தானே வேணும்."

"ரீச்சர், என்ரை தேவதை மொட்டையா கிடக்கு."

ஒரு சின்னப்பெண் ஓலைப் பொம்மையை நீட்டினாள். தோழி உள்ளே போய்ச் சீப்பை எடுத்துவந்து, அதிலிருந்த நரைமயிரைச் சுருட்டிப் பொம்மையின் தலையில் வைத்தாள். என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"பயப்படாதை. இது என்ரை மயிர்தான்."

பிள்ளைகள் பசை ஒட்டுவதில் மூழ்கியபின் கேட்டேன். "அண்டைக்கு நீயும் ஒருத்தருக்கும் சொல்லேல்லைத்தானே?"

"ஆர் சொன்னது? அண்டைக்குப் பின்னேரமே அம்மாட்டைச் சொல்லீட்டன். வெறுங்குடத்தோடை வந்து குசினிக்குள்ளை நிண்டு அழுதவ. கோது, நூல் எண்டு சொல்லவே எனக்கு விளங்கீட்டுது."

நான் கையிலிருந்த சிப்பியைக் கீழே வைத்தேன். "பிறகேன் மாமி வந்து சொல்லேல்லை?"

"நானும் அதைத்தான் கேட்டனான். இப்ப போய்ச் சொன்னா அந்தப் பிள்ளையைத் தாய் அடிச்சே கொண்டுபோடுவா, அவ இப்ப தன்ரை நினைவிலை இல்லை எண்டவ. 'குழந்தைக்குக் காய்ச்சல் மாறட்டும். அதுவரைக்கும் நடப்பம், கால் இருக்குத்தானே' எண்டு சொன்னவ."

"காய்ச்சல் நத்தாருக்கு முதல்நாளே மாறீட்டுது."

"ஓம். பணியாரம் தந்துவிட்டதே அதுக்குத்தான். தட்டத்தைத் திருப்பிக் குடுக்க கொம்மா வருவா, அப்ப ஆறுதலாச் சொல்லுவம் எண்டு இருந்தவ. கொம்மா வரேல்லை. பிறகு அம்மாவுக்கும் கோவம் ஏறீட்டுது. வந்து கேக்கட்டும் எண்டு விட்டிட்டா. ஆனா உன்ரை பேரைச் சொல்லக்கூடாதெண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவ."

"அப்ப நான் பொங்கல் கொண்டுவரேக்கையும் மாமிக்குத் தெரியுமோ?"

"ஓம். நீ அவவை நிமிந்து பாக்கேல்லையாம். பிறகு சொன்னவ."

இருபத்திரண்டு நாள், நாளுக்கு இரண்டு நடை, நடைக்கு இரண்டு குடம். வழக்கம்போல் எனக்குள் கணக்கு ஓடியது. எண்பத்தெட்டு என்று வாய் சொல்லிவிட்டது.

"என்ன எண்பத்தெட்டு?"

"குடம்."

"விசரி," என்றாள் தோழி. "மழை நாளிலை கூரைப் பீலித் தண்ணியும் பிடிச்சனாங்கள்."

கொப்பியில் இருந்த அந்த இரண்டு வரிகளும் பிழை. அன்று பின்னேரமே திருத்தவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன், திருத்திவிட்டேன். ஆனால் அதற்குமுன் செய்தது வேறொன்று. பிள்ளைகள் தோட்டத்தைச் சுற்றி ஈர்க்கு வேலி நட்டு முடித்திருந்தார்கள். முன்பக்கம் ஐஸ்கிறீம் குச்சியில் அழகான படலை. மற்ற மூன்று பக்கமும் இடைவெளியே இல்லாமல் நெருக்கமாக நட்டிருந்தார்கள். முழங்கால் நோவோடு மெல்லக் குந்தி, பக்கத்து வேலியில் ஈர்க்கு இரண்டைப் பிடுங்கினேன்.

"ரீச்சர்! இந்த அன்ரி வேலியை உடைக்கிறா!"

"உடைக்கேல்லை," என்றாள் தோழி. "விடு, அவ செய்யட்டும்."

மொட்டைத் தேவதைக்கு மயிர் கேட்ட சின்னப்பெண் என் பக்கத்தில் வந்து குந்தி, அந்த இடைவெளியைப் பார்த்தாள்.

"அதுதான் படலை கிடக்கே. இதாலை ஆர் வாறது?"

"பக்கத்து வீட்டு மாமி," என்றேன். "தண்ணி அள்ள."